ராமையாவின் ஜெனரேட்டருக்குக் கருமாதி கிடையாது

என் தங்கச்சி சரசுவைக் கட்டிக்கொண்டு, முப்பது வருஷம் என்னிடம் ஒரு அடிகூட வாங்காமல் தப்பித்துப் போன அருமை மாப்பிள்ளை ராமையாவுக்கு,

அங்கே மழை எப்படி? இங்கே மஸ்கெலியாவில் வானம் மூன்று மாதமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நம் தோட்டத்து லயத்துத் தகரக் கூரையில் விழுந்த தண்ணீரைச் சேர்த்திருந்தால் இன்னொரு நீர்த்தேக்கமே கட்டியிருக்கலாம். அதை விடு. உனக்கு ஒரு சண்டைச் செய்தி வைத்திருக்கிறேன்.

உன் வேனைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள்.

ஆமாம், அதே வேன்தான். பாண் ரொட்டி விற்று ஓய்ந்த வண்டியை வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, அடுப்பு வைத்து, பின்பக்கம் ஜெனரேட்டரைப் பூட்டி, சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு வருகிற குடும்பங்கள் தங்கிப்போக நீ உண்டாக்கிய நடமாடும் அரண்மனை. "லயத்துக்காரனுக்கு எதுக்குடா வேன்?" என்று தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை கேட்டபோது, "பத்தடி காம்பராதானுங்க குடுத்தீங்க, அதான் ரோட்டுல ஒண்ணு கட்டிக்கிட்டேன்" என்றாயே! அந்த ஒரு பதிலுக்காகவே உனக்கு மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் சிலை வைக்க வேண்டும். சிலைக்குக் குடையும் வைக்க வேண்டும்.

நீ போனதிலிருந்து வேன் நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது சீசன் வருகிறது, ஜெனரேட்டர் ஓடவில்லை. லைட் எரியாத, சோறு வேகாத வேனுக்கு யார் வருவார்கள்? உன் மகள் சுமதி உன்னைப் போலவே சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு இரும்பு லொறி வருது மாமா. அதுக்குள்ள இது ஓடலைன்னா வேனோட குடுத்துட்டு, நான் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போறேன்."

ரோட்டில் சொந்தமாக ஒரு வீடு வைத்திருப்பவள் யாரோ வீட்டுத் தரையைத் துடைக்கப் போவதா? நான் உயிரோடு இருக்கும்போதா?

சனிக்கிழமை காலையில் ஜெனரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். யானைக்குட்டி கனம். "பெரியவரே, இதுக்கும் டிக்கெட்டு போடணும்" என்றார் கண்டக்டர். "போடுங்க தம்பி, ஜன்னலோர சீட்டு வேணுமாம்" என்றேன்.

ஹட்டனில் ஒரு மெக்கானிக் கயிற்றை இரண்டே தடவை இழுத்தார். சோக்குப் போட்டால் ஓடியது. சோக்கை எடுத்ததும் செத்தது. "வயசாயிருச்சுண்ணே. கருமாதி பண்ணிட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் ஹட்டன் ஸ்டேஷனில் நின்ற ரயில் தானாகவே நகர்ந்தது. "எங்க வீட்டுல இந்த வருஷத்துக்கு ஒரு கருமாதி போதும் தம்பி" என்று சொல்லிவிட்டு, யானைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேனுக்குப் பக்கத்தில் தாழ்வாரத்தின் கீழே சாக்கை விரித்து அறுவைச் சிகிச்சை தொடங்கியது. பெரிய டாக்டர் நான். சுமதி சும்மா கூடமாட ஒத்தாசைக்கு என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

பிளக்கை மாற்றினேன். பழைய பெற்றோலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினேன். பழையபடி சோக்கில் மட்டும் உயிர். "பொறி குடுக்கிற காயில் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"காயில் போயிருந்தா சோக்குலயும் ஓடாது மாமா" என்றாள். "சோக்குப் போட்டா காத்து கொறையுது, பெற்றோல் கூட இழுக்குது, அதான் ஓடுது. எடுத்தா பெற்றோல் பத்தல. எங்கயோ அடைச்சிருக்கு."

ரப்பர் டியூபைக் கழற்றினாள். பெற்றோல் தாராளமாகக் கொட்டியது. அப்படியானால் அடைப்பு கார்புரேட்டருக்குள்தான் என்று, அதன் அடிக்கிண்ணத்தைத் திறந்தாள். உள்ளே பச்சையாய், பிசுபிசுவென்று ஒரு படலம். பழைய வார்னிஷ் வாடை. நடுவிலிருந்த சின்னப் பித்தளை ஜெட்டைத் திருகி எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தாள். பெற்றோல் அதன் நடுவிலுள்ள ஓட்டை வழியாகத்தான் ஏற வேண்டும்.

"வானம் தெரியல மாமா."

என் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன். "ஐயோ, அதால குத்தினா ஓட்ட பெருசாயிரும், அப்புறம் கரும்புகையா கக்கும்" என்று கையைத் தட்டிவிட்டு, காம்பராவுக்குள் போய் என் பல் பிரஷ்ஷைக் கொண்டுவந்தாள். வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது! அதில் ஒரு மயிரைப் பிடுங்கி, ஜெட்டைக் கிளீனரில் ஊறப்போட்டுத் துழாவினாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"அப்பா எப்பவும் பெற்றோல் குழாய மூடிட்டு, எஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாருல்ல? கிண்ணத்துல ஒரு சொட்டு தங்கக் கூடாதுன்னு. கடைசியா யாரு மாமா இத நிப்பாட்டுனது?"

மாப்ள, நான் அந்த ஊக்கைத் திரும்பச் சட்டையில் குத்தப் போனேன். குத்தியது விரலில்.

உன் சாவு வீட்டன்று காற்றுக்குக் கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கருக்காக நான்தான் ஜெனரேட்டரைப் போட்டேன். உன்னைத் தூக்கியபோது சுவிட்சைத் தட்டி அணைத்தேன். குழாயை மூடவில்லை, பக்கத்தில் நிற்கவில்லை. அந்தப் பெற்றோல்தான் கிண்ணத்தில் கிடந்து பிசினாகியிருக்கிறது. நானோ இத்தனை மாதமாகப் பனியைத் திட்டினேன், பெற்றோலைத் திட்டினேன், எஞ்சினைச் செய்த நாட்டையே திட்டினேன்.

எத்தனை தடவை உன்னைக் கேலி செய்திருப்பேன்! குழாயை மூடிவிட்டு நீ கையைக் கட்டி நிற்பாய். "என்ன மாப்ள, எஞ்சினுக்கு வாய்க்கரிசி போடவா நிக்கிற?" என்பேன். "நீ போய் டீயக் குடி மச்சான், அது மெதுவா நிக்கட்டும்" என்பாய். உன்னைத் தூக்கிய அன்றைக்கு இன்னொன்று மெதுவாக நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

"நான்தான் புள்ள" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, அந்த ஸ்குரூவ எடுங்க" என்றாள்.

ஜெட்டின் நடுவில் வானம் தெரிந்தது. குண்டூசி முனையளவு வானம். எல்லாவற்றையும் பூட்டி முடிக்கும்போது வளைவில் லொறி ஹார்ன் கேட்டது. முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காவல் நிற்கிற ரோதமுனியைக் கூப்பிட்டு, கோழி ஒன்றை அல்ல, கோழிப் பண்ணையையே நேர்ந்துகொண்டேன்.

மூன்றாவது இழுப்பில் பிடித்தது. சுமதி சோக்கை மெல்ல மெல்ல எடுத்தாள். நிற்கவில்லை! இறம்பொடை அருவி ஒரு நிமிஷம் விழுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. சாட்சி வேண்டுமென்றால் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். அவள் கரண்ட் கேத்தலைச் செருகினாள். எஞ்சின் ஒரு மூச்சுத் தணிந்து, சமாளித்து, ஒரே குரலில் ஓடியது.

லொறிக்காரர் இறங்கி வந்தார். "என்னம்மா, ஏத்துவமா?"

"தண்ணி கொதிக்குதுண்ணே. டீயக் குடிச்சிட்டு வெறுங்கையோட போங்க."

மனுஷன் இரண்டு கோப்பை குடித்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலை அமுக்கிப் பார்த்தார். "சீசனுக்கு வீட்டுக்காரிய கூட்டிட்டு வரலாமா தங்கச்சி?" என்றார். மாப்ள, உன் வேனை உடைக்க வந்தவரே அதில் முதல் ஆளாக இடம் பிடித்துக்கொண்டு போனார்!

லொறி போனதும் என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. சுமதி ஒரு பார்வை பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டேன். அவள் குழாயை மூடினாள். எஞ்சின் கொஞ்ச நேரம் அதே குரலில் ஓடி, திடீரென்று ஒருமுறை குரலை உயர்த்தி, திணறி, நின்றது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அந்த நேரத்தில் நீ எதைக் கேட்டுக்கொண்டு நிற்பாய்? நீ சொன்னதில்லை. நான்தான் கேட்டதேயில்லையே.

இந்தச் சீசன் முழுக்க உன் வேன் மலையடிவாரத்து நல்லதண்ணியில் லைட் போட்டு நிற்கும். ஹட்டன் மெக்கானிக்கையும் கணக்கப்பிள்ளையையும் வரச்சொல்லியிருக்கிறேன், கண் கூசட்டும். சுமதி எந்தக் கொழும்புக்கும் போக மாட்டாள். போனால் அந்த வேனை ஓட்டிக்கொண்டுதான் போவாள். ஒவ்வொரு தடவையும் குழாயை நானே மூடுவேன், அது நிற்கிறவரைக்கும் பக்கத்தில் நிற்பேன். என் டீ ஆறிப்போகட்டும்.

இந்தத் தடவை ஓடிப்போகாமல் நிற்கும்,
உன் மச்சான் மாடசாமி