விழத் தெரியாத மெயின் போர்டு

அக்கரப்பத்தனை,
பங்குனி மாதம்.

அன்புள்ள மகன் பிரதாப்புக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, ஆடு, கோழி எல்லோரும் சுகம். டோஹா வெயிலில் வதங்காமல் நீயும் மருமகள் பிரியந்தியும் பேத்தி நிஷாந்தியும் சுகமாக இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உன் அம்மா பறித்துக்கொள்கிறாள், நீயும் அவள் பக்கமே சாய்கிறாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நம் லயத்து வரிசை வீட்டு வினோஜன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கரண்டு மெயின் போர்டை மாற்றாவிட்டால் சித்திரை வருசப் பிறப்புக்கு வந்தாலும் பிள்ளையோடு நம் வீட்டில் தங்க மாட்டேன், நுவரெலியாவில் ரூம் எடுத்துக்கொள்வேன் என்று சொன்னாயே, அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அந்தப் போர்டை நான் யாரிடமும் படிக்காமல், பார்த்துப் பார்த்துப் பழகி என் கையாலேயே பூட்டினேன். லயத்தில் எல்லோரும், கரண்டு கசிந்தால் தானாக விழுந்து லைனை அறுக்கும் ட்ரிப் சுவிச் வைத்த புதுப் போர்டுக்கு மாறினார்கள். என்ன கண்டார்கள்? மழை தூறினால் ஒரு வீட்டில் டக், கேத்தலில் தண்ணி சூடாக்கினால் இன்னொரு வீட்டில் டக். நம் வீடு மட்டும் அசையாது. அதனால்தானே கோயில் திருவிழாவுக்குச் சோடனை பல்புக்கும் ஸ்பீக்கருக்கும் வருசா வருசம் நம் வீட்டிலிருந்து லைன் இழுக்கிறார்கள். வேறு வீட்டில் சொருகினால் அந்த நிமிசமே விழுந்துவிடும். நோட்டீசில் ‘கரண்டு உபயம்: நல்லமுத்து குடும்பத்தினர்’ என்று போடுகிறார்கள், அதுவும் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா பெயருக்கு மேலே. அப்பேர்ப்பட்ட போர்டைக் கழற்றிக் குப்பையில் போடச் சொன்னால் எந்த மனிதனுக்குத்தான் கோபம் வராது?

நீ சொல்லி அனுப்பிய ஹட்டன் வயரிங்காரன் கஜேந்திரன் போன கிழமை வந்தான். வேலை ஒன்றும் இல்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன். உன் அம்மா விடவில்லை. துணி காயப் போடும் கம்பியை ஈரக் கையால் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு புகார். அது நரம்புத் தளர்ச்சி, தைலம் தேய் என்று நான் வைத்தியம் சொல்லியிருந்தேன். அவள் அவனிடம், “தம்பி, இந்த மனுசன் தைலம் வாங்கிக் குடுத்தே என்னைய அனுப்பி வச்சிருவாரு, நீங்க என்னான்னு பாருங்க” என்றாள். அவன் கம்பியில் டெஸ்டரை வைத்தான், லைட் எரிந்தது. வெயில் பட்டு மினுங்குகிறது என்றேன். அன்றைக்கு விடிந்ததிலிருந்து வெயிலே இல்லை, இருந்தாலும் சொன்னேன்.

பிறகு போர்டைத் திறந்தான். பியூசில் மெல்லிய கம்பி அடிக்கடி எரிந்துபோகிறதே என்று நான் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவன், “மாமா, ஒங்க போர்டு பலமா இருக்கிறதுனால விழாம இல்லீங்க. அதுக்கு விழத் தெரியாது. கூரைத் தகரத்துல கரண்டு ஓடுனாலும் பேசாம பாத்துக்கிட்டு இருக்கும். அத்தை கை வச்சா அத்தைதான் விழுவாங்க” என்றான். உன் அம்மா பரீட்சையில் பாசான மாதிரி என்னைப் பார்த்தாள். மகனே, நீ சொன்னதற்காகவோ அவள் சொன்னதற்காகவோ நான் இறங்கி வந்ததாக நினைத்துக்கொள்ளாதே. நிஷாந்தி இப்போது எதைக் கண்டாலும் பிடித்துச் சுற்றுகிறாள் என்று மருமகள் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கம்பியைக் கட்டியிருக்கும் இரும்புப் பைப் வாசலுக்கு நேரேதான் நிற்கிறது. மாற்று என்றேன், அவ்வளவுதான். கூரைக்குள் எலி கடித்த வயர், துணிக் கம்பியின் மறுமுனையைக் கட்டிய தகரத்தில் உரசிக்கொண்டிருந்ததாம். ஆகவே குற்றம் எலியுடையது, என் வயரிங்கில் பிழை இல்லை. இதை உன் அம்மாவுக்கு நீதான் விளங்கப்படுத்த வேண்டும்.

அதோடு முடியவில்லை. திருவிழாவுக்கு லைன் இழுக்கக் கோயில் கமிட்டித் தலைவர் சோலைமலை ஆட்களோடு வந்தான். சொருகினான், டக். மறுபடி சொருகினான், டக். இருக்கிற பல்லையெல்லாம் காட்டி, “அண்ணே, ஒங்க வீடும் விழுந்திருச்சா? இனி நோட்டீசுல யாரு பேரப் போடுறது?” என்றான். லயமே வாசலில் நின்று சிரித்தது. நான் விடுவேனா? “விழுந்தது என் வீடு இல்லடா, ஒன் வயரு. இம்புட்டு வருசமா என் பழைய போர்டு ஒங்க மானத்தக் காப்பாத்துச்சு, புதுசு காட்டிக் குடுத்துருச்சு. வயரப் பிரிங்கடா” என்றேன். ஒட்டுப் போட்டு டேப் சுற்றிய அந்தப் பழைய வயரைப் பிரித்துக்கொண்டே போனால், தேர் நிற்கும் பந்தலின் இரும்புக் காலில் ஓர் ஒட்டு டேப் கழன்று வெறும் கம்பியாகப் படிந்திருந்தது. காவடி எடுப்பவர்கள் நனைந்த உடம்போடு சாய்ந்து நிற்கும் கால் அது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் அந்தக் காலைத் தொடாமல் சுற்றித்தான் போனேன், இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. கமிட்டி புது வயர் வாங்கியது, சொருகினோம், போர்டு கம்மென்று இருந்தது. நோட்டீசில் நம் பெயர் போன வருசத்தைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அச்சகத்துக்கு அவர்களோடு போனேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. ட்ரிப் சுவிச்சில் சோதிக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு தடவை அமுக்கி விழுகிறதா என்று பார்க்கச் சொன்னான் கஜேந்திரன். பாதுகாப்பு விசயத்தில் அலட்சியம் கூடாது என்று நீ சொன்னதால், உன் அம்மாவின் டிவி நாடகத்தில் மாமியார் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து நான் தினமும் சோதிக்கிறேன். அவள் இன்னும் கரண்டு காரியாலயத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மூவருக்கும் மாரியம்மாள் நீண்ட ஆயுளும் குறையாத சோறும் தரட்டும். வரும்போது பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை மறக்காதே, இங்கே குளிர் டோஹாவைக் கேட்டு வருவதில்லை. நுவரெலியா ரூமை இன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிடு. என் பேத்தி என் வீட்டில்தான் படுப்பாள். பொத்தான் அவளுக்கு எட்டாது, நான் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, அம்மா கண்ணில் படக் கூடாது.

இப்படிக்கு,
யார் சொல்லியும் கேட்காமல் தானாகவே போர்டை மாற்றிய உன் அப்பா,
நல்லமுத்து (கரண்டு உபயம்)