சுடாத ரொட்டியின் விலை

பிப்ரவரி 9

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் ஒரு திருடர். பணத்தில் கை வைக்க மாட்டார், அதற்கான துணிச்சல் கிடையாது. அடுத்தவர் விருப்பத்தைத் திருடுகிறார். கட்டடம் முழுவதற்கும் ஒரே மின்சார நிறுவனம், ஒரே ஒப்பந்தம். சலுகை விலை என்ற பெயரில், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை யாரும் ஓவன், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எதையும் போடக் கூடாது. மின்சாரம் விற்கிற நிறுவனங்கள் ஊரெல்லாம் வாடிக்கையாளரைத் தேடி அலைகின்றன. எங்கள் வாசலில் மட்டும் அவர்களைக் காவலாளி திருப்பி அனுப்புகிறார்.

இன்று மாலை தலைவர் எங்கள் கதவுக்கு வெளியே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, ரொட்டி வாசனை வருதே?"

"அக்கா ரொட்டி சுடறா சார். வேற என்ன வாசனை வரும்?"

"மணி ஆறரைம்மா."

"வாசனைக்கும் டைம் வெச்சிருக்கீங்களா சார்?"

அக்கா என்னைப் பின்னால் இழுத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார், அணைச்சிடறேன்" என்றாள். அணைத்தாள். உள்ளே இருந்தவை பாதி வெந்த நிலையில் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டன. அத்தனையும் குப்பைக்குப் போயின. அவள் அழவில்லை. தட்டுகளைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள். அழுதிருக்கலாம்.

பிப்ரவரி 10

கோபம் தணியவில்லை. அக்கா வேலை பார்த்த அலுவலகத்தில் அவளுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். அடுத்த வாரமே வீட்டில் ரொட்டி சுடத் தொடங்கினாள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் எங்கள் கதவைத் தட்டிச் சுடச்சுட வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சூடுதான் வியாபாரம். ஆறிய ரொட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். கீழ்த்தளத்தில் ஷட்டர் இறக்கிக் கிடக்கும் கடையைத் தினமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படியேறுவாள். அங்கே ரொட்டிக் கடை வைக்க ஆசை. அதன் சொந்தக்காரர் ஜூலை வரை வேறு யாருக்கும் வாடகைக்கு விட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மாலை மூன்று மணி நேரத்தைப் பூட்டி வைத்தால் அந்த ஷட்டர் எப்படித் திறக்கும்?

பிப்ரவரி 13

நான் வேலை பார்க்கும் கடையில் இன்று ஒரு அம்மாள் மிக்ஸி வாங்க வந்தார். ஆற அமரப் பார்த்தார். ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தார், மூடியைத் திருகினார், கடைசியில் இருப்பதிலேயே மட்டமானதை எடுத்தார். நிறம் பிடித்திருந்ததாம்.

"மேடம், இது சூடாகும், சத்தம் போடும்."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான். எனக்குப் பழக்கம். பேக் பண்ணும்மா."

பேக் பண்ணினேன். அவர் காசு, அவர் மிக்ஸி, அவர் தலைவலி. இதில் என்ன தவறு? வாங்குகிறவனுக்கு மூளையில்லை என்று நம்புகிறவர்கள்தான் சங்கத் தலைவர்களாகிறார்கள். வீட்டுச் சாமான் கடையில் ஒரு வருடம் நின்றுபார்த்தால் அவர்களுக்கும் புரியும் — மூளையில்லாமலும் வாங்குவார்கள், ஆனாலும் அது அவர்களுடைய உரிமை.

பிப்ரவரி 21

சங்கத்தின் ஒப்பந்தத்தை நீக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். அவரவர் மின்சாரம், அவரவர் விருப்பம். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரிடம் தேர்வு சுதந்திரம் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். கடைசியில், "அப்ப சாயங்காலம் முழங்காலுக்கு வெந்நீர் போட்டுக்கலாமில்ல?" என்றார். நர்ஸுக்கு ட்யூட்டிக்குப் போகுமுன் தலை காய வேண்டும். மேல்மாடிப் புதுத் தம்பதி எதற்கென்று சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

பரவாயில்லை. சுதந்திரத்தை யாரும் வெறுமனே கேட்பதில்லை. ஏதாவது ஒரு பிளக்கில் சொருகித்தான் கேட்கிறார்கள்.

மார்ச் 2

சங்கக் கூட்டத்தில் ஜெயித்தோம்! தலைவருக்கு ஆதரவாகத் தலைவர் மட்டும் கை தூக்கினார். அவர் மனைவி தூக்கவில்லை.

"சரிம்மா" என்றார் தலைவர். "இனிமே அவங்கவங்க வீடு, அவங்கவங்க கரண்ட். நாளைக்கு எந்தக் கம்பெனி என்ன பண்ணினாலும் என் கதவைத் தட்டக் கூடாது."

"தட்ட மாட்டோம் சார்."

மார்ச் 3

அக்கா மாலையில் ரொட்டி சுட்டாள். மாடிப்படி முழுக்க வாசனை. நர்ஸ் ஈரத் தலையோடு வந்து வாங்கிப்போனாள்.

மார்ச் 11

படிகளில் நடக்க இடமில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நிறத்தில் சட்டை. பச்சைச் சட்டை போட்டவன் ஊதாச் சட்டைக்காரனை முறைக்கிறான். ஒருவன் பல்பு இலவசமாகத் தருகிறான், இன்னொருவன் குடை தருகிறான். கரண்டுக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "மழை வந்தா நனையாம இருக்கலாம் மேடம்." பதில் சரிதான். வாடிக்கையாளருக்காக அடித்துக்கொள்கிறார்கள், பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. தலைவர் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குத் தலை சுற்றுகிறது. "நீயே ஏதாவது ஒண்ணு பாத்துச் சொல்லுடி. எனக்கு மாவு பிசையணும்."

"உனக்காக நான் முடிவெடுத்தா, எனக்கும் தலைவருக்கும் என்னக்கா வித்தியாசம்?"

"அவர் கதவைத் தட்டுவார். நீ தட்டாமலே உள்ள வருவே."

மார்ச் 15

எல்லாத் திட்டங்களையும் படித்துவிட்டு ஒன்றைக் கண்டுபிடித்தேன். ரொட்டி சுடுகிறவருக்கென்றே அமைந்தது போல. கோடையில் ஊருக்கே மின்சாரம் பற்றாத நாட்களில், மதியம் ஒரு மெசேஜ் வரும்: இன்று ஓய்வு மாலை. கட்டாயம் கிடையாது. அன்று மாலை ஓவனைப் போடாமல் விட்டுக்கொடுத்தால் வெகுமதி. மற்ற மாலைகளில் வழக்கமாக எவ்வளவு எரிக்கிறோமோ, அந்த அளவுக்கு வெகுமதியும் பெரியது. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன்.

"தலைவர் அணைக்கச் சொன்னார், ஒண்ணும் தரல. இவன் அணைக்கச் சொல்றான், விலை கொடுக்கறான். வேணும்னா வாங்கிக்கோ, வேண்டாம்னா சுடு. இதுதான்க்கா வித்தியாசம்."

"அப்ப நிறைய எரிச்சவங்களுக்கு நிறையக் கிடைக்குமா?"

"ஆமா. உன்னை மாதிரி உழைக்கிறவங்களுக்கு."

சரி என்றாள். சுயமாக எடுத்த முடிவு. நான் விளக்கத்தான் செய்தேன்.

ஏப்ரல் 6

முதல் ஓய்வு மாலை. அக்கா ஓவனைத் துடைத்து வைத்துவிட்டு சினிமா பார்த்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் கால் நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்தேன். நல்ல திட்டம்.

ஏப்ரல் 19

இந்த வாரம் மூன்றாவது மெசேஜ். வெயில் கூடக் கூட மெசேஜும் கூடுகிறது.

ஏப்ரல் 28

நர்ஸ் கதவைத் தட்டினாள். "இன்னிக்காவது உண்டா?" அக்கா, "இல்லம்மா, ஓய்வு" என்றாள். நேற்றும் அதே பதில்தான். நர்ஸ் தெருமுனை சூப்பர் மார்க்கெட் பையோடு திரும்பி வந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட, வெட்டித் துண்டு போட்ட ரொட்டி. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? வாடிக்கையாளர் ஒரு கடை மூடியிருந்தால் அடுத்த கடைக்குப் போவார். நான் தினமும் சொல்வதுதானே.

மே 5

அக்கா கணக்குப் போட்டிருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை, சொன்னாள். "மாவு, பட்டர், ஈஸ்ட், என் தோள்பட்டை வலி எல்லாத்தையும் கழிச்சுப் பாரு. சுட்டா கிடைக்கறதைவிட சுடாம இருந்தா அதிகம் கிடைக்குதுடி."

"தெரியும். ஆனா —"

"என்ன ஆனா?"

என்னவென்று எனக்கும் தெரியவில்லை. விலை ஒரு செய்தி. நானே அடிக்கடி சொல்வதுதான். செய்தி இதுதான்: உன் ரொட்டியைவிட ஊருக்கு உன் ரொட்டி இல்லாமை தேவைப்படுகிறது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இரண்டு பேருக்கும் லாபம். எங்கே தப்பு என்று விரல் வைக்க இடமில்லை. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறதோ?

மே 17

கடையில் டைமர் ஸ்விட்ச் மொத்தமும் விற்றுத் தீர்ந்துவிட்டது. ஹீட்டர், ஓவன் எல்லாவற்றையும் குறித்த நேரத்தில் தானாகப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டி. எங்கள் குடியிருப்பிலிருந்தே பாதிப் பேர் வந்து வாங்கினார்கள். மேலாளர் என் முதுகில் தட்டினார். நிறைய விற்றேன், யாரிடமும் எதற்கென்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை.

மே 22

இன்று கண்ணால் பார்த்ததை எழுதியாக வேண்டும்.

வேலை முடிந்து வந்தேன். மெசேஜ் வராத நாள். சமையலறை அனலாய்க் கொதித்தது, ஓவன் விளக்கு எரிந்தது. அப்பாடா, இன்று சுடுகிறாள் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். சூடு முகத்தில் அறைந்தது. வாசனை மட்டும் இல்லை. கதவைத் திறந்தேன். வெறும் கம்பித் தட்டு. செக்கச்செவேலென்று எரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை.

"அக்கா! என்ன இது?"

ஹாலில் இருந்தபடியே சொன்னாள், "கதவை மூடுடி. சூடு போகுது."

"எதுக்கு சூடு? உள்ள என்ன இருக்கு?"

"இன்னிக்கு அளவு எடுக்கிற நாள். இன்னிக்கு எரிச்சாத்தானே நாளைக்கு எரிக்காததுக்குக் கிடைக்கும்? நீதானே சொன்னே, நிறைய எரிச்சா நிறையன்னு."

நானா? நான் உழைக்கிறவர்களுக்கு என்று சொன்னேன். உழைக்கிறவர்களுக்கு என்றுதான் சொன்னேன் —

கதவை மூடினேன்.

மே 23

தலைவர் லிஃப்டில். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"நான் முட்டாளா இருந்துட்டேன்மா. நீதான் கண்ணைத் தொறந்தே."

அவரும் அதே திட்டத்தில் சேர்ந்துவிட்டாராம். மெசேஜ் வராத நாட்களில் ஹீட்டரை மாலை முழுக்க ஓட விட்டு, வெந்நீரைக் குழாயில் வடித்துவிடுகிறாராம். ஓய்வு மாலைகளில் சட்டையில்லாமல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாராம். "என் வாழ்க்கைல இதுவரை யாரும் எனக்கு சும்மா இருந்ததுக்குக் காசு குடுத்ததில்லை" என்றார். தலைவர் பதவியில் இத்தனை வருடம் என்ன செய்தார் என்று கேட்க வாய் வரை வந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது.

மே 30

நிறுவனத்துக்குப் போன் போட்டேன். வெறும் ஓவன் எரிவதைச் சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தேன் தடவிய குரல்.

"மேடம், வாடிக்கையாளர் வீட்டுக்குள்ள எதுக்காகக் கரண்ட் பயன்படுத்தறாங்கன்னு நாங்க கேக்கறதில்லை. அது அவங்க தனிப்பட்ட விருப்பம்."

"ஊருக்குக் கரண்ட் மிச்சமாகணும்னுதானே காசு குடுக்கறீங்க?"

"வெகுமதி எங்களுடையது இல்லை மேடம். அரசாங்கத்தோட சேமிப்பு நிதி. நாங்க அளந்து குடுக்கறோம், அவ்வளவுதான்."

ஆஹா! அரசாங்கப் பணம்! அப்படியென்றால் இது சந்தையே இல்லை. தன் கைக்காசைப் போடுகிற எவன் வெறும் ஓவனுக்குக் கூலி கொடுப்பான்? ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்து நிறுத்தியிருப்பான். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"யார் காசா இருந்தா என்னடி? கணக்கில விழுதில்ல?"

என் கொள்கை தப்பித்தது. அக்கா தப்பவில்லை.

ஜூன் 8

மேல்மாடித் தம்பதியின் டைமர் பழுது. மாற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 16

நானும் அக்காவும் கத்திச் சண்டை போட்டோம். ஈஸ்ட் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன், தேதி முடிந்து போயிருந்தது. "இதுக்காகவா நான் வீடு வீடா படி ஏறி இறங்கினேன்?" என்றேன்.

"நீ எனக்காகவா ஏறினே? அந்த ஆளை ஜெயிக்கணும்னு ஏறினே."

"சரி, அப்படியே இருக்கட்டும். ரொட்டி உனக்குப் பிடிக்குமேக்கா. பிடிச்சதை விட்டுட்டு வெறும் பெட்டியை எரிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"ஆபீஸ்ல பன்னண்டு வருஷம் யாருக்கும் வேண்டாத பேப்பரை டைப் அடிச்சேன். அதுக்கும் சம்பளம் குடுத்தாங்க. அப்ப நீ வெக்கமான்னு கேக்கல. அந்தச் சம்பளத்துல படிச்சே."

இதற்கு எந்தப் பொருளாதாரத்திலும் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஜூலை 2

கீழ்த்தளக் கடைக்காரர் வந்தார். அக்கா டீ கொடுத்தாள். "வேற யாருக்காவது விட்டுடுங்க" என்றாள், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூலை 13

எனக்கு விடுமுறை. மெசேஜ் வராத நாள். சூப்பர் மார்க்கெட் ரொட்டியை வேண்டுமென்றே வாங்கிவந்து மேஜைமேல் வைத்தேன். கோபப்படுவாள், பிய்த்துப் பார்த்து இது ரொட்டியா பஞ்சா என்பாள் என்று காத்திருந்தேன். டீயில் தோய்த்துச் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான்டி இருக்கு."

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, பர்ஸை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தேன்.

"சரிக்கா. கெஞ்சல, அழல. நான் ஒரு கஸ்டமர். இன்னிக்கு சாயங்காலம் ஓவன் எப்படியும் எரியப் போகுது. அதுல ஒரே ஒரு ரொட்டி சுட்டுக் குடு. எனக்கு. சூடா. என்ன விலை?"

சில்லறை ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து மேஜையில் வைத்தாள். எழுந்து போய் ஓவனின் குமிழைக் கடைசி வரை திருப்பினாள்.

"விலையைச் சொல்லுக்கா."

விளக்கு எரிந்தது. கம்பித் தட்டு மெல்லச் சிவந்தது. அவள் எனக்கு முதுகு காட்டி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு வேணும்னாலும் தரேன். சொல்லு."