ஜேபிக்குப் போகும் தலைமையகம்

வெள்ளி, இரவு

குளுவாங்கில் இருக்கும் எங்கள் தலைமையகத்தை ஜேபிக்கு, அதாவது ஜொகூர் பாருவுக்கு, மாற்றுவதாக முதலாளி இன்று அறிவித்துவிட்டார். போன வாரம் என்னிடம்தான் யோசனை கேட்டார்.

"சிங்கப்பூர் கஸ்டமருங்க வந்து போக ஜேபிதான் வசதி, பாஸ்" என்றேன்.

அவர்களில் ஒருவர்கூட இதுவரை எங்கள் ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை. என் வீடு ஜேபியில் இருக்கிறது. தினமும் குளுவாங்குக்குக் கார் ஓட்டி அலுத்துவிட்டது. வேறு ஒரு மண்ணும் இல்லை.

கணக்குப் பிரிவு செல்வி வேலையை விடப்போகிறாள். படுக்கையில் கிடக்கும் அம்மாவை விட்டுவிட்டு அவளால் அவ்வளவு தூரம் வர முடியாது. சாயங்காலம் என் மேசைக்கு வந்தாள்.

"நீங்க எங்களுக்காகப் பேசியிருப்பீங்கண்ணே. பாஸ்தான் கேட்டிருக்க மாட்டாரு."

"ஆமா லா, எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றேன். அவள் நீட்டிய கறிபாப் பலகாரத்தையும் வாங்கித் தின்றேன்.