மறுபடியும் துரு

5 நவம்பர் 1973, திங்கள்

காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில். பெயிண்டர் ராசு வந்து டாக்சியைப் பார்த்தார். பின்கதவுகளின் அடிப்பக்கம், இடது மட்கார்டு, பானெட் ஓரம், எல்லாம் துரு. நகத்தால் சுரண்டிவிட்டு, "மேலாக்கத்தான் இருக்குதும்மா. ஓட்ட வுழல. எமெரித்தாள போட்டு நல்லா தேச்சி, சுத்தமா தொடச்சி வைங்க. வெள்ளிக்கிழம வந்து மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். அதுவரை அவருக்கு வேப்பூரில் லாரி வேலை.

என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து வண்டியை யாரும் எடுக்கவில்லை. மழையிலேயே நிற்கிறது. அடுத்த வாரம் வியாழன் எஃப்.சி.க்கு, வண்டி ஓடலாம் என்கிற தகுதிச் சான்றுக்கு, காட்ட வேண்டும். பாஸானால் என் தம்பி செல்வம் ஓட்டுவான், ராத்திரி ஆனால் வண்டி நம் வாசலுக்கு வந்துவிடும். இல்லையென்றால் விற்பது என்று மூத்தார், இவருடைய அண்ணன், முடிவு கட்டியாகிவிட்டது. விற்றால் இவர் தாங்கமாட்டார். பேச்சு போய், வலப்பக்கம் போய்க் கட்டிலில் கிடக்கிற மனிதருக்கு ஜன்னல் வழியாகத் தெரிவது அந்த வண்டி ஒன்றுதான். கண் திறந்தால் முதலில் அதைத்தான் தேடுகிறார், என்னை அல்ல. சண்டை போடவும் முடியாது.

வாங்க: எமெரித்தாள் (முரடு, நைஸ் இரண்டும்). ரவை. இவர் முதுகுக்குப் பவுடர்.

6, செவ்வாய்

பீங்கான் பேக்டரிக்கு லீவு சொல்லியாயிற்று. இவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஆனால் துரு போய்த் தகரம் பளபளவென்று வெளியே வந்தது. சந்தோஷம்.

பிறகு ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்தேன். இது நம் வேலை. சூளையில் ஒருதரம் வெந்த ஜாடியை ஈர ஸ்பாஞ்சால் துடைக்காமல் கிளேஸ் கரைசலில் முக்கினால், தூசி இருந்த இடமெல்லாம் சொட்டை விழும். கிளேஸ் செக்ஷனில் எத்தனை பெண்களுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். பெயிண்டும் அப்படித்தானே.

துடைக்கும்போது உள்ளே தட் தட் என்று சத்தம். இடக்கையால் கட்டில் சட்டத்தை அடிக்கிறார். ஓடினேன். "தண்ணியா? ஒண்ணுக்கா? முதுகு வலிக்குதா?" எல்லாவற்றுக்கும் தலை இல்லை இல்லை என்கிறது. முகமெல்லாம் சிவப்பு. வாயோரம் துடைத்துவிட்டு வந்து மறுபடி ஸ்பாஞ்சை எடுத்தேன். மறுபடி தட் தட்.

7, புதன்

மழை இல்லை. இருந்தும் விடிந்து பார்த்தால், தேய்த்த இடமெல்லாம் மறுபடியும் துரு! மஞ்சள் தூளைத் தூவிவிட்ட மாதிரி. சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது.

மறுபடி உட்கார்ந்தேன். நேற்றைவிட அழுத்தி. நேற்றைவிட நன்றாக ஈரம் போட்டுத் துடைத்தேன். கட்டிலும் நேற்றைவிடப் பலமாக அடித்துக்கொண்டது. தெருவில் போகிற இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "அவுரு வண்டிய ஒருத்தரயும் தொடவுடமாட்டாரு. இப்பப் பாரு, அந்தம்மா போட்டு சொரண்டிக்கிட்டு இருக்குது." காதில் விழட்டும் என்றே சொன்னார்கள்.

கோபம் வந்துவிட்டது. உள்ளே போய்க் கத்தினேன். "நான் தொடக்கூடாதா உங்க வண்டிய? வேற யாரு இருக்கா இந்த வூட்ல?" ஜன்னல் கதவைச் சாத்திவிட்டேன். பார்த்தால்தானே பதற்றம், டாக்டரும் பதற்றம் கூடாது என்றுதான் சொன்னார்.

சாத்திய பிறகு சத்தம் இல்லை. நிம்மதியாகத் துடைத்தேன்.

8, வியாழன்

துரு. மறுபடியும். வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்ய.

மத்தியானம் மூத்தார் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார். மட்கார்டைத் தடவி, கையைப் பார்த்துக்கொண்டு, "இது ஆவாதும்மா. திட்டக்குடியில ஒருத்தன் கேக்கறான். தள்ளிவுட்டுடலாம்" என்றார். கட்டில் பக்கத்தில் நின்றே சொன்னார். ஆள் அங்கே இல்லாத மாதிரி.

"நாளைக்கு பெயிண்டர் வர்ற வரைக்கும் பொறுங்க மாமா."

"ஒனக்காவத்தாம்மா சொல்றேன்."

இவர் கை போர்வைமேல் கிடந்தது. அசையவில்லை. சாயங்காலக் கஞ்சி பாதி வழிந்துவிட்டது.

9, வெள்ளி

ராசு வந்ததும் வராததுமாகக் கேட்டார். "என்னாம்மா, தேய்க்கவே இல்லியா?"

தினமும் தேய்த்தேன் என்றேன். ஸ்பாஞ்சைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பச்சத் தகரத்துல தண்ணி காட்டுனா துரு வராம என்னா வரும்? காஞ்ச துணியில தூசி தட்டி, பெட்ரோல்ல ஒரு தொட தொடச்சி வச்சிருந்தா, வந்ததும் துருவத் தடுக்கற ரெட் ஆக்சைடு அடிச்சிருப்பேன். இது என்னா ஊறுகா ஜாடியா?"

தட் தட் என்று இவர் அடித்தாரே, ஸ்பாஞ்சு எடுத்தபோதெல்லாம். தேய்க்கும்போது ஒருதரம்கூட அடிக்கவில்லை. தண்ணீரைத்தான் வேண்டாம் என்றிருக்கிறார். பதினாறு வருஷம் வண்டி ஓட்டியவர். நான் கதவைச் சாத்தினேன்.

ஜன்னலைத் திறந்துவிட்டுக் கேட்டேன். "இதத்தான் சொன்னீங்களா?" கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, கோபமா, தெரியவில்லை. மன்னிச்சிடுங்க என்றேன். கேட்டாரா, அதுவும் தெரியவில்லை.

10, சனி

நல்ல வெயில். கதவுகளுக்கும் மட்கார்டுக்கும் ராசு ரெட் ஆக்சைடு அடித்துவிட்டார். பானெட் ஓரம் மட்டும் பாக்கி. நான் தேய்த்து முடித்தால் சாப்பிட்டு வந்து அடிப்பார். நாளைக்குக் கறுப்பு. எஃப்.சி. பாஸாகிவிடும், பயப்படாதீங்க என்கிறார். செல்வம் வந்து, "மாமா, கண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்று காலைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனான். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி பிழைத்துவிட்டது. இவர் பக்கம்தான் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இடக்கை நான் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. தலையணையை உயர்த்தி, முகத்தை வண்டிப் பக்கம் திருப்பி வைத்தேன். "பாருங்க, செவப்பா இருக்குது." கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

பானெட் ஓரத்தைத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. காய்ந்த துணி தோளில் இருந்தது. நான் போய் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தேன். சொட்டச் சொட்ட. இவருக்குத் தெரிகிற மாதிரி ஜன்னலுக்கு நேரே நின்று, பச்சைத் தகரத்துக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

கட்டில அடிங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.