தென்றலின் பக்கத்து நாற்காலி

பிளானோ, டெக்சஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள திருமூர்த்தி அண்ணனுக்கு,

தங்கை கலாவதி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். கத்துவதைக் கத்தியாகிவிட்டது, பதில் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி அண்ணா? அதனால்தான் கூரியர். அதை உங்களால் பிளாக் செய்ய முடியாது.

தென்றலிடம் பேசிப் புகாரை வாபஸ் வாங்க வைக்கச் சொல்கிறீர்கள். முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கடிதம்வரை நம்பிக்கையோடு படிக்கவேண்டாம். நடந்தது என்னவென்று உங்கள் மகன் மகிழன் சொல்லியிருப்பான். அவன் விட்டதை நான் சொல்கிறேன்.

வருஷா வருஷம் ஆகஸ்டில், படிக்க வரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு வரவேற்பு வைப்போம். இந்த வருஷம் யுனிவர்சிட்டி போலீசிலிருந்து ரமிரெஸ் என்றொரு அம்மா வந்திருந்தார். துப்பாக்கி, பெல்ட், பூட்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் நம் மிளகாய்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் விட்டார். லேப்டாப்பை லைப்ரரியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், இருட்டிவிட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள், கார் வரைக்கும் எங்கள் ஆள் கூட நடந்து வருவார் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லி, ஆளுக்கொரு விசில் கொடுத்தார். நம் பிள்ளைகள் அதை ஊதி விளையாடினார்கள். கேள்வி உண்டா என்றபோது ஒரு கைகூட எழவில்லை. போலீஸ் என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே, மாட்டினவனுக்குத்தான் போலீஸ்.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஒரு பெண் சமோசாத் தட்டுப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். தாராபுரம், பெயர் தென்றல் என்றாள். பிறகு மெதுவாக, “ஆன்ட்டி, நம்ம ஊர்ப் பையன் மேல கம்ப்ளெயிண்ட் குடுத்தா அவருக்கு விசா போயிருங்களா?” என்று கேட்டாள். பயந்து செத்துக்கொண்டிருப்பவள் அவள். கவலை அவன் விசாவைப் பற்றி. யார் என்றேன். உங்கள் மகன் பெயரைச் சொன்னாள்.

அவன் என் அண்ணன் பையன் என்று சொன்னேன். சும்மா சொன்னேன் ஆன்ட்டி, மறந்துருங்க என்று கிளம்பப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

புதிதாக வரும் பிள்ளைகளை ஏர்போர்ட்டிலிருந்து சீனியர்கள் கூட்டிவருவது இங்கே வழக்கம். அப்போது, எங்கே இருக்கிறாய் என்று தெரிகிற மாதிரி போனில் லொகேஷனைப் போட்டுவிடச் சொல்வார்கள். பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று ஊருக்குத் தகவல் சொல்லத்தான். வீடு சேர்ந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அவள் எடுக்கவில்லை. அழைத்துவந்த மகிழனை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று கூச்சம். அதற்குப்பின் அவள் லேபை விட்டு வந்தால் வாசலில் மகிழன். பஸ்ஸில் மகிழன். காய்கறிக் கடையில் வெண்டைக்காய்க்கு அந்தப் பக்கம் மகிழன். பின்னால் வரவேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்; அவன் கேட்கவில்லை. ஒருநாள் துணிந்து போனில் அதை அணைத்தாள். அவன் நேராக தாராபுரத்துக்குப் போன் போட்டு, உங்க பொண்ணு யாரோடு சுற்றுகிறாள் என்று தெரியவில்லை அங்கிள் என்றான். அவள் அப்பா அவளைத் திட்டித் திரும்பப் போடவைத்தார்.

ஒரு பக்கப் பேச்சைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னேன் என்கிறீர்கள். இல்லை. அன்றைக்கே மகிழனைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கொஞ்சமும் மறைக்கவில்லை. “அவங்கப்பாதான பாத்துக்கச் சொன்னாரு அத்தை” என்று போனை நீட்டினான். மேப்பில் ஒரு நீலப் புள்ளி. “இப்ப லேப்ல இருக்கறா பாருங்க” என்றான், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி. அவள் வேண்டாம் என்றாளே என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, போகப் போகப் புரிந்துகொள்வாள் என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

மறுநாள் தென்றலை நானே காரில் ஏற்றிக்கொண்டு கேம்பஸ் போலீஸ் ஆபீசுக்குப் போனேன். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம் என்று ரமிரெஸ் அவளிடம் இரண்டு தடவை சொன்னார். விசாவைப் பற்றித் தன்னால் வாக்குக் கொடுக்கமுடியாது, ஆனால் அதைக் காப்பாற்றுவது உன் வேலையில்லை என்றார். அவள் யோசித்து, அவளாகவே கொடுத்தாள். அவள் கிட்டே போகக்கூடாது என்று மகிழனுக்கு உத்தரவு வந்தது. இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை யுனிவர்சிட்டியில் விசாரணை.

இரண்டு பேரும் பழகினார்கள் என்று நான் அங்கே சொன்னால் போதும், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள். பழகவில்லை அண்ணா. உங்களுக்கும் அது தெரியும். என் பையன் அவளைக் கூடப் பிறந்தவளாட்டம் பாத்துக்குவான் என்று அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள்தான். அந்த வாக்கை உடைத்தது அவள் இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். கூட ஒருவர் உட்காரலாமாம். தென்றலின் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன். எதிரே என் அண்ணன் மகன் இருப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, போனில் அவன் காட்டியதைச் சொல்வேன். குடும்ப மானம் போகிறது என்றால் போகட்டும். ஒரு பெண் பஸ் ஏறப் பயந்துதான் நம் மானம் நிற்கவேண்டும் என்றால், அப்படிப்பட்ட மானம் எனக்கு வேண்டாம்.

மகிழனை நான் கைகழுவவில்லை. விசாரணை முடிந்து என் வீட்டுக்கு வந்தால் சோறு போடுவேன். அவனுக்கு ஒரு கவுன்சிலரையும் பார்த்து வைத்திருக்கிறேன், கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் நான் சொல்வது அவன் காதில் ஏறவில்லை. நீங்கள் சொன்னால் ஏறும். வக்கீலிடம் பேசுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை, நீ செய்தது தப்பு என்று சொல்லுங்கள். அவனை வளர்த்த உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் அவனுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

மகிழன் நன்றாக இருக்கவேண்டும். தென்றல் பயமில்லாமல் நடக்கவேண்டும். எது முதலில் என்று கேட்டால் அவள் நடப்பதுதான். இதற்காக எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று மெசேஜில் சொன்னீர்கள். சொல்லுங்கள், உங்கள் இஷ்டம். நான் மட்டும் எப்போதும்போல உங்கள் தங்கை என்றுதான் கீழே எழுதப்போகிறேன். வேண்டாம் என்றால் அதை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் அண்ணா, என் கையால் அடிக்க மாட்டேன்.

உங்கள் தங்கை,
கலாவதி