இன்னொருத்தி வாயில் உன் சிரிப்பு

என் சிரிப்புக்காரி உமாவுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத என்னிடம் அழுகையைத் தவிர எதுவும் இருக்கவில்லை. இப்போது ஒரு செய்தி இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது, உன் வீட்டுக்காரரிடமும் வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். விஷயம் உன் பல்லைப் பற்றியது.

அந்த ஸ்கேனர் லேப்புக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? விளாங்குடி வீட்டின் கீழ்த்தளத்தில் நான் பல் லேப் ஆரம்பித்த காலத்தில், டாக்டர்கள் நோயாளிகளை ஒரு பசையைக் கடிக்க வைத்து அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றிப் பல் செய்வோம். பிறகு பேனா கனத்தில் ஒரு கேமரா வந்தது. வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் பல்வரிசை அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். யார் வாயிலாவது சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நீ வந்தாய்.

"என் வாய்க்குள்ள என்னத்தக்கா தேடுற? காலைல தின்ன பணியாரத்தயா?" என்று கேட்டுவிட்டுக் கேமராவைக் கடித்தாய்.

"ஆட்டாதடி, படம் விட்டு விட்டு விழுகுது" என்று உன் தாடையைப் பிடித்தேன்.

கறுப்புத் திரையில் முதலில் ஒரு கடைவாய்ப் பல் முளைத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. உதடில்லாமல், கன்னமில்லாமல், ஈறும் பல்லுமாக நீ இருட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தாய். முன்பல்லுக்கு அடுத்த பல் லேசாகத் திரும்பி நிற்குமே, அதுவும் வந்தது. கொண்டை ஊசியைக் கடித்துப் பிரித்து முன்பல் நுனியில் விழுந்த பள்ளமும் வந்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "மூஞ்சிய எங்கக்கா வச்ச?" என்று சிரித்தாய். அந்த ஃபைலுக்கு 'மாடல் 1' என்று பெயர் வைத்தேன்.

பிளாஸ்டர் அச்சுகள் என்றால் அலமாரி நிறைந்ததும் உடைத்துச் சாக்கில் கட்டிப் போட்டுவிடுவோம். எத்தனையோ பேருடைய வாயை நானே சுத்தியலால் உடைத்திருக்கிறேன். ஃபைல் இடத்தை அடைப்பதில்லை. நீ ஆறு நாள் காய்ச்சலில் போனாய். 'மாடல் 1' வைத்த இடத்தில் இருந்தது.

நீ போன பிறகு வேலைக்கு வந்தவள் நஸ்ரின். கம்ப்யூட்டரில் பல் வரைவது அவள்தான். முன்பல் உடைந்து வருகிறவர்களுக்கு வடிவத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். மென்பொருளிலேயே வடிவங்கள் உண்டு. ஆனால் எல்லாம் பொம்மைக்கு வைத்த மாதிரி இருக்கும். அதனால் எங்களைப் போன்ற லேப்காரர்கள் நல்ல பல்வரிசையின் ஸ்கேன் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொண்டு, வேறொருவருக்குப் பொருத்திப் பார்ப்போம். நஸ்ரினுக்கு 'மாடல் 1' கண்ணில் பட்டது. யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

உன் வீட்டுக்காரர் மறுமணம் செய்துகொண்டார், உமா. அது உனக்குத் தெரிந்திருக்கும், உன்னிடம் கேட்டுத்தான் செய்தோம். கல்யாணத்துக்கு முதல் நாள் புதுச்சேலையை மடித்து, பூச்சுற்றி, உன் படத்தின் முன்னால் படைத்தோம். கும்பிட்டு எடுத்து, வந்தவளிடம் கட்டிக்கொள்ளக் கொடுத்தோம். போனவள் மனசார இடம் விட்டாள் என்று அதற்கு அர்த்தம். வந்தவள் பெயர் தமிழ்ச்செல்வி, திருமங்கலத்துக்காரி. உன் சேலையில்தான் திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிக்கொண்டாள். அதிகம் பேசமாட்டாள். யாழினிக்கு எட்டு வயது. அவளுக்குத் தினமும் தலைபின்னி விட்டாள். யாழினி முதுகைக் காட்டி உட்காருவாள், பின்னி முடித்ததும் எழுந்து போய்விடுவாள். அவ்வளவுதான் இருவருக்கும்.

செல்வி கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் காலையில் நாய் குறுக்கே வந்து ஸ்கூட்டியோடு விழுந்தாள். மேல்வரிசை முன்பல் நாலும் உடைந்துவிட்டன. உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "மதினி, வெளிய எங்கயும் குடுக்க வேணாம். நம்ம லேப்புலயே பண்ணிருங்க."

டாக்டர் மிச்சப் பல்லை இழைத்து, ஸ்கேன் எடுத்து அனுப்பினார். ஈறு ஆறும்வரை தற்காலிகப் பல். அதைப் பிரிண்டரில் எடுப்போம். நீ அந்தப் பிரிண்டரைப் பார்த்ததில்லை. தொட்டியில் தேன் நிறத்தில் பிசின் இருக்கும். அடியிலிருந்து வெளிச்சம் பட்டுப் பட்டுப் பிசின் இறுகும். தட்டு மெல்ல மேலே போகப் போக, பல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சொட்டிக்கொண்டு வெளியே வரும். நாலு பல்லும் அப்படித்தான் வந்தன.

அடுத்த ஞாயிறு எல்லாரும் அம்மா வீட்டில் சாப்பிட்டோம். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆள் நிழலாகத்தான் தெரியும். செல்வி குனிந்து, "ரசம் ஊத்தவாம்மா?" என்று கேட்டாள். உனக்குச் 'ச' வரும்போது பல்லிடுக்கில் ஒரு காற்றுக் கசியுமே, அதே காற்று.

அம்மா தட்டை நகர்த்தி, "கொஞ்சமா ஊத்து உமா" என்றாள்.

உன் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். செல்வி என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். யாழினி வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் அவளையே பார்த்தாள். கல்யாணமான மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

நாலு நாள் கழித்து மத்தியானம் செல்வி போன் செய்தாள். "அக்கா, கொஞ்சம் வாரீகளா? அந்தப் பிள்ளை எங்கூட நல்லாப் பேசுது. ஆனா எங்கிட்டப் பேசலக்கா. பயமா இருக்கு."

எனக்குப் புரியவில்லை. போனேன். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்தில் செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாழினி அவள் எதிரே முட்டிபோட்டு, ஒரு உள்ளங்கையால் செல்வியின் கண்ணையும் மூக்கையும் மூடியிருந்தாள். வாய் மட்டும் தெரிந்தது.

"சிரிங்க" என்றாள் யாழினி. செல்வி சிரித்தாள்.

"அம்மா, கணக்குல எம்புட்டு எடுத்தேன் தெரியுமா? நீ சொல்லிக் குடுத்தியே அந்த ரெண்டாம் வாய்ப்பாடு, அது வந்துச்சும்மா. பெரியம்மா வீட்டுல பூனை குட்டி போட்டுருச்சு. நீ எப்பம்மா மிச்சமும் வருவ?"

கையை எடுத்தாள். குரல் வேறாகிவிட்டது. "சித்தி, தண்ணி" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பல் வந்துவிட்டது, இனி கண் வரும், கை வரும் என்று. அதுவரை செல்வி யார்? நீ வந்து சேரும்வரை வைத்திருக்கிற சுவரா?

சமையலறையில் வைத்துச் செல்வியிடம் சொன்னேன். "அந்தப் பல்லு உமாவோட வடிவம். லேப்புல தப்பு நடந்துபோச்சு."

அவள் குழாயைத் திருகி மூடினாள். நாக்கை முன்பல்லில் ஓட்டிப் பார்த்தாள்.

"சேலையக் கட்டுன்னாக, கட்டிக்கிட்டேன். அது அவுகளுக்குப் படைச்சு, அவுக குடுத்தது. இத அவுக குடுக்கலயேக்கா. நானும் கேக்கல." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எம் பல்லுல நடுவுல இடைவெளி உண்டுக்கா. பத்துப் பைசா நுழையும்னு எங்க அண்ணே கேலி பண்ணும். அதே மாதிரி வச்சுக் குடுங்க" என்றாள்.

"யாழினி திரும்பப் பேசாமப் போயிட்டா?"

"போனாப் போகுது. முதுகையாவது எனக்குக் காட்டும்ல."

அவள் அண்ணன் போனில் ஒரு காதுகுத்து வீட்டு வீடியோ இருந்தது. அதில் யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஒவ்வொரு நொடியாக நிறுத்திப் பார்த்து, அந்த இடைவெளியை நானே அளந்து வரைந்தேன். மென்பொருள் அதைத் தவறு என்று சிவப்புக் கோடு காட்டிக்கொண்டே இருந்தது. நிரந்தரப் பல்லை இடைவெளியோடு செய்து கொடுத்தேன்.

பொருத்திக்கொண்டு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைப் போட்டுவிட்டு, நேராகப் போய்ச் செல்வியின் கண்ணை மூடினாள். "சிரிங்க."

செல்வி சிரித்தாள்.

யாழினி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக எடுத்து, அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க யாரு?"

"தமிழ்ச்செல்வி."

"எங்கம்மா எங்க போனாங்க?"

"எனக்குத் தெரியலயே சாமி."

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று கூட அழாதவள், உமா. அன்றைக்கு அழுதாள். தரையில் உருண்டு, செல்வியை அடித்து, பிறகு அவள் மடியிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். செல்வி அவளைத் தடுக்கவில்லை.

இப்போது உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். லேப்பில் தப்பு நடந்தது என்று செல்வியிடம் சொன்னேன். எல்லாரும் நஸ்ரினை நினைத்துக்கொண்டார்கள். நஸ்ரினும் நினைத்துக்கொண்டு, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எந்தப் பல்லும் நான் பார்த்து, சரி சொன்ன பிறகுதான் பிரிண்டருக்குப் போகும். செல்வியின் பல்லை நஸ்ரின் திரையில் காட்டியபோது பார்த்தேன். திரும்பி நிற்கும் பல்லைப் பார்த்தேன். ஊசிப் பள்ளத்தைப் பார்த்தேன். "இத எங்கருந்து எடுத்த?" என்றேன். "மாடல் ஒண்ணுக்கா. நெறையப் பேருக்கு வச்சிருக்கேன், ஒருத்தரும் திருப்பி அனுப்பல" என்றாள். நெறையப் பேர், உமா. இந்த ஊரில் எங்கெங்கோ பஸ்ஸில், கடையில், யார் யாரோ உன் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இவள் நம் வீட்டுக்குள் இருப்பவள். இவள் சிரித்தால் நான் பார்க்கலாம்.

"சரி, போடு" என்றேன்.

ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. யாழினியை நினைக்கவில்லை. செல்வியை ஒரு ஆளாகவே நினைக்கவில்லை. நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா?

'மாடல் 1'ஐ நஸ்ரினின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். அழிக்கவில்லை. அழிப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. இதற்கு மட்டும் கொடுக்கிறேன்: நாளைக் காலை நஸ்ரினிடம் சொல்வேன், அங்கிருந்து நேராகச் செல்வி வீட்டுக்குப் போவேன். இந்தக் கடிதம் யார் கண்ணிலாவது படுவதற்கு முன்னால், சரி சொன்னது நான்தான் என்பதை அவள் என் வாயிலிருந்தே கேட்டிருப்பாள். அவள் என்னை வாசலோடு அனுப்பினாலும் அனுப்பட்டும்.

உனக்கு முன்னால் அதே வயிற்றில் கிடந்தவள்,
அக்கா