மந்திரியாகப் போன டொக்டர்

1985 நவம்பர் 12, ஹேர்னிங், டென்மார்க்

இன்றைக்குக் கட்டு அவிழ்த்தார்கள். தொழிற்சாலையில் துணி வெட்டும் மெசினுக்குள் போன இடக்கை. சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. டொக்டர் லீபான் சோமாலியாக்காரர். கை ஒப்பரேசனுக்கு இங்கே அவரை விட்டால் ஆளில்லை. ஜனவரியில் இன்னொருக்கால் வெட்டித் தைத்தால் இரண்டும் மடங்கும் என்றார். மடங்கினால் மெசினுக்குத் திரும்பலாம். இல்லாட்டி?

டிசம்பர் 3

லீபான் மந்திரியாகிறாராம்! அவருடைய நாட்டில் சுகாதார மந்திரி. கிறிஸ்மசுக்கு முதல் போய்விடுவார் என்று நேர்ஸ் சொன்னா. எங்கட ஊரில் ஒருத்தர் மந்திரியானால் வெடி கொளுத்துவம். இவ "பாவம் மனுசன்" எண்டுறா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. என்ர கை?

டிசம்பர் 5

அறையில் கூட இருக்கிற கந்தையா அண்ணை, மாலையோடு போய்க் கேள், போகமுதல் வெட்டிவிடுவார் என்கிறார். ஊரில் எம்.பி.யிடம் அலுவலாகப் போன பழக்கம்.

டிசம்பர் 7

மானம் போச்சு.

பூக்கடையில் கையால் வட்டம் போட்டுக் காட்டி, பெரிய மனுசர் ஒருவர் போகிறார் என்று அரைகுறை டேனிஷில் சொன்னேன். கடைக்காரி முகம் வாடி என் தோளைத் தடவினா. பைன் கிளையில் வெள்ளைப் பூ வைத்துக் கட்டித் தந்தா. பார்க்க மலர்வளையம் மாதிரித்தான் கிடந்தது. டென்மார்க் மாலை இப்படித்தானாக்கும் என்று வாங்கிக்கொண்டுபோய் லீபானின் கழுத்தில் போட்டேன். நேர்ஸ் வாயைப் பொத்தினா. செத்தவீட்டுச் சாமானேதான்! கந்தையா அண்ணை இண்டைக்கு என்ர கண்ணிலை படக்கூடாது.

லீபான் அதைக் கழற்றவில்லை.

"சரியானதைத்தான் கொண்டுவந்திருக்கிறாய். இனி நான் கத்தி பிடிக்கப்போறதில்லை."

பிறகேன் போறியள் என்று கேட்டேன். அங்கே காயம் தைக்க நூல்கூட இல்லையாம். டொக்டராக இருந்தால் கேட்கத்தான் முடியுமாம், மந்திரியென்றால் கொடுக்கலாமாம். என் விரலைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. உள்காயம் ஆறாமல் இப்போது வெட்ட ஏலாது என்று அவரே சொன்னார்.

டிசம்பர் 20

போய்விட்டார். கோபம் கோபமாய் வருது. ஆரிலை எண்டுதான் தெரியேல்லை.

1986 ஜனவரி 22

வேறொரு டொக்டர் வெட்டினார். லீபான் என் கையை நாலு தாளில் படமாகக் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் செய்ததாம்.

மார்ச் 14

சின்ன விரல் மடங்குது. மோதிர விரல் பாதியில் நிக்குது. தொழிற்சாலையில் என்னைப் பெட்டி அடுக்கிற பக்கம் மாற்றிவிட்டார்கள். இனி மெசின் இல்லை.

ஜூன் 9

மொகதிசுவிலிருந்து போஸ்ட்காட். மந்திரி எழுதியிருக்கிறார். நாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. மோதிர விரல் எவ்வளவு மடங்குது, மறைக்காமல் எழுது என்கிறார். கூட்டங்களில் இருக்கும்போதெல்லாம் அந்த விரல்தான் ஞாபகம் வருகிறதாம்.

அவர் நின்றிருந்தால் மடங்கியிருக்குமோ? எனக்கென்ன தெரியும். நீங்கள் விட்டிட்டுப் போனதாலைதான் இப்பிடி எண்டு எழுதவேணும் போலையும் இருந்தது.

முழுதாக மடங்குது என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.